வீடு தேடிய ஐந்து மாதமும், கைகொடுத்த பட்டா இணையதளமும்

'எங்கிருந்தும் எந்நேரமும்' என்று தமிழக அரசு நடத்தும் நில ஆவண இணையதளத்தைப் பலருக்கும் தெரிந்திருக்கும். பட்டா, சிட்டா பார்க்கத்தான் பொதுவாக அதற்குள் போவார்கள். எனக்கு அது உதவியது வேறொன்றுக்கு. நான் பார்க்கப் போன வீடு உண்மையில் எந்த ஊரில் இருக்கிறது என்பதை அதில்தான் தெரிந்துகொண்டேன்.

பதினோரு வருஷமாக வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா பார்க்கும் டாக்டர், பையன் பள்ளி எல்லாம் இங்கேயே. அதனால் வாங்குவதும் இங்கேதான் என்று முடிவு செய்து, வீடு தேடும் செயலி ஒன்றில் 'வேளச்சேரி' என்று போட்டேன். முதல் சனிக்கிழமை மூன்று வீடு பார்த்தோம். மூன்றில் ஒன்றுகூட வேளச்சேரியில் இல்லை. தரகர் வண்டி கைவேலியைத் தாண்டியது, சதுப்பு நிலத்தைத் தாண்டியது, இன்னும் போய்க்கொண்டே இருந்தது. "அண்ணா, இது எந்த ஊருங்க?" என்று கேட்டேன். "வேளச்சேரி மெயின் ரோடுதான் மேடம்" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற அந்தச் சாலைக்கு சேலையூர்ப் பக்கத்திலும் வேளச்சேரி மெயின் ரோடு என்றுதான் பெயர். சாலையின் பெயர் ஊரின் பெயராகி, அதுவே விலையாகவும் ஆகிவிடுகிறது. அங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். நான் கேட்டதும் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த வீட்டு வரி ரசீதை மேஜைமேல் விரித்தார். மேலே 'மேடவாக்கம் ஊராட்சி' என்று இருந்தது. "நாங்க எப்பவும் மேடவாக்கம்னுதாம்மா சொல்வோம். வேளச்சேரின்னு யார் போட்டாங்களோ" என்றார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பின்கோடை வைத்தும் முடிவு செய்ய முடியாது. பள்ளிக்கரணைக்கும் 600100, மேடவாக்கத்துக்கும் 600100. பின்கோடு தபால் பட்டுவாடாவுக்காக 1972-இல் வந்தது. நிர்வாக எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, பேரூராட்சியாக இருந்த பள்ளிக்கரணை உள்ளே வந்தது, மேடவாக்கம் வரவில்லை. பின்கோடு ஒன்றாக இருந்தாலும் குடிநீர், குப்பை, கட்டட அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் போய் நிற்கிற அலுவலகம் மாறுகிறது. மாநகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஊராட்சியில் வீட்டு வரி வருஷத்துக்கு ஒருமுறை. மேடவாக்கம் மோசமான இடம் என்று நான் சொல்லவே இல்லை. மேடவாக்கத்துக்கு மேடவாக்கம் விலை கொடுப்பேன், அவ்வளவுதான்.

சரி, இணையதளத்துக்கு வருகிறேன். கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் மாவட்டம், வட்டம், கிராமம் என்று கேட்கும். கட்டணம் கிடையாது. அங்கே 'நகர்', 'என்கிளேவ்', 'அவென்யூ' எதையும் தேடாதீர்கள். இருப்பவை வருவாய்க் கிராமங்கள். அண்ணா நகர் மனைக்கு நடுவக்கரை என்றோ முல்லம் என்றோ பத்திரத்தில் வரும், கோடம்பாக்கத்துக்குப் புலியூர் என்று வரும். என் சித்தி பெசன்ட் நகரில் முப்பது வருஷமாக இருக்கிறார். அவர் பத்திரத்தில் 'ஊரூர் கிராமம்' என்றுதான் இருக்கிறது. மேலே நகர் வந்தாலும், பதிவேட்டில் பழைய ஊர் அப்படியே இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆகவே வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும், உட்பிரிவோடு. அதைத் தயங்காமல் கொடுப்பவர்களிடம் மட்டும் மேற்கொண்டு பேசினேன். எண்ணைப் போட்டதும் பட்டாவோடு, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படமும் வருகிறது. அந்தக் கோட்டுப் படத்தைப் பத்திரத்தில் இருக்கும் நான்கெல்லையோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த இரவுகளில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

கடைசியாக நாங்கள் பிடித்த வீடு பள்ளிக்கரணையில். அதிலும் ஒரு குழப்பம். 1994-இல் எழுதிய தாய்ப்பத்திரத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 2008 பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம், இணையதளத்தில் சென்னை மாவட்டம். "ஒரே மனைக்கு மூணு மாவட்டமா, இது ஏதோ வில்லங்கம்" என்று என் கணவர் பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. 1997-இல் பழைய மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம் உருவானது, 2018-இல் சென்னை மாவட்டத்தை விரித்தபோது இந்தப் பகுதி அதற்குள் வந்தது. பக்கத்து மேடவாக்கம் 2019-இல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தோம். ஒன்றாகவே இருந்தன. உட்பிரிவு மட்டும் மாறியிருந்தது, அதற்கான பதிவும் இருந்தது.

இதோடு பதிவுத்துறை இணையதளத்தில் கைடுலைன் மதிப்பையும், அதாவது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பையும், பார்த்துவிடுங்கள். தெருப் பெயர் வைத்தும் தேடலாம், சர்வே எண் வைத்தும் தேடலாம். அந்த மதிப்பைத் தாளில் எழுதி எடுத்துப்போன பிறகு, எங்களிடம் யாரும் 'வேளச்சேரி ரேட்' என்று பேசவில்லை. ஆனால் பட்டாவைத் திரையில் பார்த்துவிட்டோம் என்று வக்கீலை விட்டுவிட வேண்டாம். மூலப்பத்திரங்களை அவர்தான் படிக்க வேண்டும், நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

என் மதிப்பீடு ஐந்துக்கு நாலரை. சர்வே எண் இல்லாமல் போனால் அதிகம் பயன்படாது என்பதற்காக அரையைக் குறைத்தேன். வீடு தேடும் செயலிக்கு ஒன்றரை கொடுப்பேன்.

வருகிற புதன்கிழமை பதிவு. பத்திரத்தில் 'சென்னை மாவட்டம், பள்ளிக்கரணை கிராமம்' என்று போடச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அந்த ரசீதை விரித்துக் காட்டிய அம்மாவின் வீடும் விற்றுவிட்டதாம், மேடவாக்கம் என்று சொல்லியே.