ஊர்சுலாவுக்கான லத்தீன் பாடல்கள்: ஓர் இசைத்தட்டு மதிப்புரை

இடைக்கால இசையைப் பாடும் செக்வென்ஷியா குழுவின் ‘வாய்ஸ் ஆஃப் தி பிளட்’ இசைத்தட்டு, ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் கிறித்தவக் கன்னியர் மடத்தலைவியாக வாழ்ந்த ஹில்டெகார்ட் (1098–1179), கொலோன் நகரில் மறைசாட்சிகளாக (நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர்களாக) மாண்டதாக மரபு கூறும் ஊர்சுலாவுக்கும் அவருடைய கன்னித் தோழியருக்கும் இயற்றிய பாடல்களைப் பெண் குரல்களில் தருகிறது.

சிந்திய குருதியின் செம்மையை விளித்துத் தொடங்கும் ‘ஓ ரூபோர் சாங்குயினிஸ்’ மிகச் சிறிய பாடல்தான் என்றாலும், என் செவியில் இத்தட்டின் உச்சம் அதுவே. ஒரே அசையைப் பல சுரங்களில் நீட்டுவதும் சட்டென மேலே தாவுவதுமாகிய ஹில்டெகார்டின் தனித்த போக்கைப் பாடகியர் மூச்சு சிதறாமல், அவசரமின்றி, சொற்களின் பொருளுணர்ந்து பாடியிருக்கின்றனர். ஊர்சுலாவை உலகம் ஏளனம் செய்வதைச் சொல்லும் ‘ஓ எக்லேசியா’ நீளமானது. பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலன்றி அதன் ஆழம் பிடிபடாது. துணைக்குரல் ஒத்திசைவு எதிர்பார்ப்போருக்கு ஒரே மெட்டில் மட்டும் செல்லும் இந்த இசை ஏமாற்றமளிக்கலாம். இடைக்கால வழிபாட்டிசையை நேசிப்போர் தயங்காமல் வாங்கலாம்.