பிளவுபட்ட மண்டை, பூட்டிய மண்டை, நெகிழும் மண்டை: சீலகாந்தும் அதன் போட்டியாளர்களும்

மீன் இரை பிடிக்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு: தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்வது, பாய்ந்து கடிப்பது. எலும்பு மீன்களின் மண்டையோட்டு வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான். சீலகாந்த், நுரையீரல் மீன், கெண்டை ஆகிய மூன்றும் அதற்கு மூன்று வெவ்வேறு தீர்வுகளைக் கண்டிருக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட ஆழ்கடல் மீனான சீலகாந்த் 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் மீன்பிடிக் கப்பலின் வலையில் அகப்பட்ட கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதன் மூளைப்பெட்டி குறுக்கே இரண்டாகப் பிரிந்திருப்பதைச் சிலரே சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

நம் மூளையைச் சுற்றியுள்ள எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே பெட்டியாக நிற்கின்றன. சீலகாந்தில் மூக்கும் கண்ணும் சேர்ந்த முன்பாதி தனி, உட்காதும் பிடரியும் சேர்ந்த பின்பாதி தனி. நடுவே ஒரு மூட்டு. மூட்டுக்கு அடியில் இரு பாதிகளையும் இணைத்து ஒரு ஜோடித் தடித்த தசை ஓடுகிறது. இன்று வாழும் வேறெந்த முதுகெலும்பிக்கும் இப்படி ஒரு மூட்டு கிடையாது. சுமார் 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலத்தில் யூஸ்தெனாப்டெரான், ஆனிகோடஸ் முதலிய சதைத்துடுப்பு மீன்கள் (சதைப்பற்றுள்ள தண்டில் துடுப்பு அமைந்த, சீலகாந்தும் நுரையீரல் மீனும் அடங்கிய குழு) பலவற்றுக்கும் இது இருந்தது என்பதைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன.

இந்த மூட்டு எதற்கு? இங்கே இரண்டு விளக்கங்கள் மோதுகின்றன. முன்பாதி மேலே தூக்கப்படுவதால் வாய் அகலமாகத் திறக்கும், இரையை உறிஞ்ச அது உதவும் என்பது பழைய விளக்கம். முன்பாதி கீழே இழுக்கப்படும்போது கடி வலுக்கிறது என்பது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கம். சீலகாந்துக்கு நம்முடையதைப் போன்ற மேல்தாடை எலும்பு இல்லை. அதன் மேற்பற்களில் பெரும்பகுதி அண்ணத்து எலும்புகளில் இருக்கிறது. அந்த அண்ணம் மண்டையின் முன்பாதியோடு இணைந்தது. ஆகவே அடித்தசை சுருங்கினால் மேற்பற்கள் கீழே இறங்குகின்றன, அதே வேளையில் கீழ்த்தாடை மேலே ஏறுகிறது. பாக்குவெட்டியின் இரு கைகளும் நெருங்குவது போன்ற ஏற்பாடு இது. 2015-இல் ஹூகோ டுடெலும் அவருடைய சக ஆய்வாளர்களும் தசைகளை அளந்து கணக்கிட்டபோது, இந்த அடித்தசை கடியின் வலுவைக் கணிசமாகக் கூட்டுகிறது என்று கண்டார்கள். வெறும் வாய் திறப்புக்காக இவ்வளவு தடித்த தசையை ஒரு விலங்கு சுமந்துகொண்டிருக்காது என்பது என் எண்ணம்.

உறிஞ்சும் கட்சிக்கு 2025-இல் இன்னோர் அடி விழுந்தது. பிரேசிலைச் சேர்ந்த அலேசியோ டாடோவோவும் அமெரிக்காவின் டேவிட் ஜான்சனும் அருங்காட்சியகச் சீலகாந்துகளை மிகப் பொறுமையாக அறுத்துப் பார்த்தார்கள். முன்பு தலைத்தசைகள் என்று பதிவானவற்றில் பல, சுருங்கும் திறனே இல்லாத பிணைப்பு நார்கள் என்று தெரிந்தது. வாய்க்குழியை விரித்து உறிஞ்சுவதற்கு உதவுவதாக நம்பப்பட்ட தசைகளும் அவற்றில் அடக்கம். பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் நம்பிய உடற்கூற்றை ஒரு கத்தியும் கூர்ந்த கண்ணும் திருத்தியதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

உறிஞ்சுவதில் அரசன் கெண்டையின் கூட்டம்தான். கெண்டை அடங்கிய கதிர்த்துடுப்பு மீன்களில் (மெல்லிய எலும்புக் கதிர்கள் தாங்கும் துடுப்புள்ள, இன்றைய பெரும்பாலான மீன்கள்) மூளைப்பெட்டி ஒரே துண்டு. அசைவெல்லாம் அதைச் சுற்றியுள்ள எலும்புகளில்தான்: கன்னம் விரிகிறது, செவுள் மூடி திறக்கிறது, தொண்டைத் தளம் இறங்குகிறது. கெண்டையின் மேல்தாடை ஒரு சிறு நடு எலும்பின் சுழற்சியால் குழாய்போல் முன்னே நீள்கிறது. தாடையில் பல்லே கிடையாது, அரைக்கும் பற்கள் தொண்டையில் இருக்கின்றன. பிடிக்கும் வேலையையும் அரைக்கும் வேலையையும் இரண்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததுதான் இந்த வடிவமைப்பின் மேதைமை. ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சுவையானது. இன்னொரு கதிர்த்துடுப்பு மீனான பெருவாய் பாஸ் என்ற நன்னீர் மீனில் 2015-இல் நடந்த அளவீட்டின்படி, உறிஞ்சும் ஆற்றலில் பெரும்பங்கை நீந்தும் உடற்தசைகளே தருகின்றன. சீலகாந்தின் கடிக்கு வலுச் சேர்க்கும் அந்தத் தசை தலைக்குள் இருக்கிறது. பாஸ் மீனின் எஞ்சினோ உடலில் இருக்கிறது.

நுரையீரல் மீனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. மூளைப்பெட்டியில் மூட்டு இல்லை, அண்ணமும் அதோடு ஒட்டிவிட்டது. மேலும் கீழும் தட்டையான பல் தகடுகள். நத்தை ஓட்டை நொறுக்க அசையாத கூரை வேண்டும், அதற்குக் கொடுத்த விலை இது. ஆனால் உறிஞ்சும் திறனை அது இழந்துவிடவில்லை. தொண்டைத் தளத்து நாவடி எலும்பை இறக்கி இரையை உள்ளே இழுக்கிறது. பிறகு வெளியே தள்ளி, மீண்டும் இழுத்து மெல்லுகிறது.

சீலகாந்தின் பிளவு மண்டையில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. முதிர்ந்த மீனின் மூளை, மூளைக்குழியின் கொள்ளளவில் சுமார் 1 சதவீதம்தான், எஞ்சியது பெரும்பாலும் கொழுப்பு. 2019-இல் வெளியான ஆய்வில், 5 செ.மீ. கருவிலிருந்து முதிர்ந்த மீன்வரை பல வளர்ச்சிக் கட்டங்களை எக்ஸ்-கதிர்களால் படமெடுத்துப் பார்த்தார்கள். மற்ற முதுகெலும்பிகளில் தலைக்குள் சுருங்கிப்போகும் முதுகுநாண் (கருவில் உடலின் அச்சாக ஓடும் தண்டு), சீலகாந்தில் மூளைக்கு அடியிலேயே மிகப் பெரிதாகப் பருக்கிறது, மூளையோ உடலோடு ஈடுகொடுத்து வளர்வதில்லை. மண்டை இரண்டாக நிற்பதற்கும் இந்தப் பருத்த நாணுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் கடியின் வலுவை மட்டும் வைத்து மூட்டை விளக்க முடியாது, கருவளர்ச்சியையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

நான்கு கால் விலங்குகளான நம் கிளைக்கு நெருங்கிய உறவு எது என்ற கேள்வியில் நுரையீரல் மீன்தான் வெல்கிறது. 2013-இல் சீலகாந்தின் மரபணுத் தொகுதி வெளியானபோது அது உறுதிப்பட்டது. பூட்டிய மண்டையை நாம் நுரையீரல் மீனோடு பகிர்ந்த மூதாதையிடமிருந்து பெற்றோம் என்று இதைக் கொண்டு முடிவுகட்டினால் தவறாகிவிடும். நுரையீரல் மீனைவிட நம் கிளைக்கு நெருங்கிய யூஸ்தெனாப்டெரானுக்கு மூட்டு இருந்தது. நம் கிளைக்கு இன்னும் நெருங்கிய பாண்டெரிக்திஸ் என்ற புதைபடிவ மீனில் மண்டையின் வெளிக்கூரை இணைந்துவிட்டது, உள்ளே மூளைப்பெட்டியில் மூட்டு தொடர்ந்தது. அதாவது நுரையீரல் மீனும் நான்கு கால் விலங்குகளும் தனித்தனியே மூட்டை இழந்தன. சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட டிக்டாலிக்கின் மண்டைக்கூரை ஒன்றாகிவிட்டது, ஆனால் அதன் கன்னப் பகுதியில் வழுக்கி அசையும் இணைப்புகள் இருந்ததை 2021-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. முதலைபோல் கடித்த அந்த விலங்கு, தண்ணீரை உறிஞ்சுவதையும் விட்டுவிடவில்லை.