மலாக்கா ஆத்துல போட் சவாரி, சாயங்காலமா போங்க

போன வாரம் அம்மாவையும் பசங்களையும் கூட்டிக்கிட்டு மலேசியாவுல இருக்கற மலாக்கா போயிருந்தோம். கப்பல் மியூசியம் கிட்ட இருக்கற ஜெட்டியில ஏறினா மேல ஒரு 4, 5 கிலோமீட்டர் போய் அதே வழியா திரும்பும், மொத்தம் 45 நிமிஷம்.

ஆறு ஒண்ணும் பெருசு இல்ல, கரையில காப்பி குடிக்கறவங்க முகம் கூட தெரியும், ஆனா இது கடல்ல சேர்ற இடத்துல இருந்த துறைமுகத்துக்காகத்தான் 1511-ல போர்த்துகீசியர் வந்தாங்க, 1641-ல டச்சுக்காரங்க, அப்புறம் வெள்ளைக்காரன். போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மொதல்ல குறி வச்சதே ஆத்து மேல இருந்த பாலத்தத்தான், அது கைக்கு வந்துட்டா ஊரு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு துண்டாயிடும்ல.

கம்போங் மோர்ட்டன்னு ஆத்தோரமா இருக்கற பழைய மலாய் கிராமத்து வளைவுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. மரவீடுங்க, வாசப்படி வரைக்கும் பூந்தொட்டி, ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கிட்டே பசங்களுக்கு கை காட்டினாங்க. அதுக்கு கொஞ்சம் தள்ளி கரைச் சேத்துல ஒரு உடும்பு, எங்க கை நீளம் இருக்கும், போட் சத்தம் கேட்டதும் அப்படியே வழுக்கி தண்ணிக்குள்ள போயிடுச்சு.

குறைன்னா, பின் சீட்டுல உக்காந்ததால இஞ்சின் சத்தத்துல ஸ்பீக்கர்ல சொல்ற விளக்கம் பாதி கேக்கல, முன்னாடி உக்காருங்க. தண்ணி இறங்கியிருந்தா சேத்து வாடையும் அடிக்கும். ஆனா மனசுக்கு கஷ்டமா இருந்தது வேற, கேட்ட வரைக்கும் மலாக்கா செட்டிங்களப் பத்தி ஒரு வார்த்தை கூட வரல. போர்த்துகீசியருக்கு முன்னாடி, சுல்தான் காலத்துலயே வியாபாரத்துக்கு வந்து இங்கயே கல்யாணம் கட்டி தங்கின தமிழ் வியாபாரிங்க வழி வந்தவங்க அவங்க. ஜாலான் துக்காங் எமாஸ்ல இருக்கற பொய்யாத விநாயகர் கோயில் அவங்க 1781-ல கட்டினது, ஆத்துல இருந்து நடந்தே போயிடலாம். காலையில அங்க சாரோங் கட்டி நெத்தியில திருநீறு பூசியிருந்த ஒரு அம்மாகிட்ட எங்கம்மா தமிழ்ல பேச்சு குடுத்தாங்க, அவங்க சிரிச்சுக்கிட்டே மலாய்ல பதில் சொன்னாங்க, மொழி போயிடுச்சு, சாமிய மட்டும் விடல.

அதனால கோயிலுக்குப் போயிட்டு அப்புறம் போட்ல ஏறுங்க. 6.30 மணி வாக்குல ஏறினா போகும்போது வெளிச்சம் இருக்கும், திரும்பும்போது விளக்கெல்லாம் போட்டுடுவாங்க. சுவர் ஓவியம், விளக்கு எதையுமே எங்கம்மா பாக்கல, ஆத்து முகம் பக்கமே பாத்துக்கிட்டு, "அவங்க தாத்தா பாட்டன் கப்பலெல்லாம் இங்கதாண்டா வந்து நின்னிருக்கும்"னு ரெண்டு தடவ சொன்னாங்க.