நீல வாளுக்கு 135 டாலர்: பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மைச் சாமான் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

சனிக்கிழமை வாங்கினேன். ஞாயிறு இரவு போலி என்று தெரிந்தது. இன்று செவ்வாய், விற்றவர் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குச்சிக்கு 135 டாலர் கொடுத்திருக்கிறேன். வேறு யாரும் அந்த மேசை முன்னால் போய் நின்றுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கென்னர் நிறுவனம் 1978 முதல் 1985 வரை விற்ற மூன்றேமுக்கால் அங்குல ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில், பொம்மை இன்றைக்கும் கிடைக்கும். அதன் கையில் இருந்த சாமான்தான் கிடைக்காது. பிள்ளைகள் விளையாடித் தொலைத்தது அதைத்தானே. 1983-இல் வந்த கறுப்பு உடை லூக்கிடம் (படத்தின் கதாநாயகன்) ஒரு துணி அங்கி, ஒரு துப்பாக்கி, ஒரு ஒளிவாள் இருக்கும். வாள் பெரும்பாலும் பச்சை. நீலம் குறைவு, அதனால் விலை அதிகம், அதனால் ரெப்ரோவும், அதாவது பிற்பாடு அச்செடுத்த நகலும், அதிகம். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் ஆத்திரம்.

என் லூக் 1984-இல் அம்பாசமுத்திரத்துக்கு வந்தவன். சின்ன மாமா அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்திலிருந்து லீவில் வந்தபோது பெட்டிக்குள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மறு வருடம் படித்துறையில் விளையாடும்போது நீல வாள் கையிலிருந்து நழுவி ஆற்றில் விழுந்தது. அது மூழ்கவில்லை. தாமிரபரணித் தண்ணீர் மேலேயே மிதந்து, ஒரு சுழி சுற்றி, தூரமாகப் போய்விட்டது. எட்டு வயசு எனக்கு, நீச்சல் தெரியாது, பார்த்துக்கொண்டே நின்றேன். மாமா போன வருடம் தவறிவிட்டார். வேலைக்காக நானும் இப்போது இதே ஒகையோவில்தான் இருக்கிறேன். கென்னர் கம்பெனி இருந்த சின்சினாட்டி இங்கேயிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அந்தப் பக்கம் நடக்கும் ஒரு பழைய பொம்மைச் சந்தைக்கு, மாமா கொடுத்த லூக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு மேசையில் நீல வாள் விற்றுக்கொண்டிருந்த ஆள் அறுபது வயதுக்காரர், அமைதியாகப் பேசினார். பேரம் பேசவில்லை, வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. லூக்கைக் கையில் வாங்கி, "இது நல்ல பொம்மை, பத்திரமாக வைத்திருக்கிறாய்" என்றார். அதில் நான் இளகிவிட்டேன். ஆற்றுக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்தவர், மேசைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். வாளை இரண்டு விரலால் பிடித்து, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவது மாதிரி, தண்ணீர் மேல் படுக்க வைத்தார். அசல் மிதக்கும், ரெப்ரோ மூழ்கும் என்று சேகரிப்பவர்கள் சொல்வதுண்டு. மிதந்தது. "உன் வாளும் இப்படித்தானே மிதந்து போனது?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 135 டாலர், போன் வழியாக உடனே அனுப்பினேன். கடைக்குக் கட்டுகிற முறையில் அனுப்பினால் கமிஷன் பிடிக்கிறார்கள், நண்பருக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பிவிடு என்றார். அப்படியே அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை.

ஞாயிறு இரவு வாளை லூக் கையில் வைக்கப் பார்த்தேன். பிடி உள்ளே போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். சின்னதாக ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் கட்டைவிரலுக்கு அடியில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு. நாற்பது வருடமாக ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த பொம்மை அது. 135 டாலரை விட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. போன் டார்ச்சை வாளுக்குப் பின்னால் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நீலத்துக்கு நடுவே ஊசி முனை அளவில் இரண்டு காற்றுக் குமிழிகள். தொழிற்சாலையில் அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்திய பிளாஸ்டிக்கில் இப்படிக் குமிழி நிற்பது அபூர்வம். கையால் அச்சு எடுத்து ரெசின் (ஊற்றியதும் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) ஊற்றினால் வரும். பிடியில் இருக்க வேண்டிய வரிகளும் கரைந்த சோப்புக் கட்டி மாதிரி மழுங்கிக் கிடந்தன. கடைசியாக ஒரு தம்ளரில் தண்ணீர். மேலே வைத்தேன், மிதந்தது. விரலால் உள்ளே அமுக்கி விட்டேன். அப்படியே அடியில் போய்ப் படுத்துவிட்டது. எழும்பவே இல்லை. ஐந்து தடவை செய்து பார்த்தேன்.

இத்தனை லேசான பொருளை மெதுவாக வைத்தால், தண்ணீரை விடக் கனமான பிளாஸ்டிக்காக இருந்தாலும் நீரின் மேற்பரப்பு தாங்கிக்கொள்ளும். ஊசி மிதக்க வைக்கும் பள்ளிக்கூடச் சோதனைதான். அவர் ஏன் அவ்வளவு மெதுவாக வைத்தார் என்று இப்போது புரிகிறது.

வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "சில அசல் சாமான்களும் மூழ்கும்." உண்மைதான், மூழ்கும். அப்படியென்றால் தம்ளரை எதற்கு வெளியே எடுத்தாய்? குமிழிப் படம் அனுப்பினேன். "சந்தையில் விற்றது திரும்ப எடுப்பதில்லை." லூக் கை வெடித்ததைச் சொன்னேன். "நீ வேறு வாளை மாற்றி வைத்துவிட்டுப் பேசுகிறாய்." இதைப் படித்ததும் உடம்பெல்லாம் பதறியது. அதற்குப் பிறகு பதிலே இல்லை. சந்தை நடத்துகிறவர்களுக்குப் போன் செய்தால், மேசை வாடகைக்கு விடுவது மட்டும்தான் எங்கள் வேலை என்கிறார்கள். பணம் அனுப்பிய செயலிக்காரர்களோ, நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். 135 டாலர் போனது போனதுதான்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். மிதக்கிறதா என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அப்படியே சோதித்தாலும் நீங்களே உள்ளே அமுக்கிப் பாருங்கள். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் போகாதீர்கள். அசல் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடி இறுக்கமாக இருந்தால் பொம்மைக் கையில் திணிக்காதீர்கள், தயவுசெய்து. ரெப்ரோ என்று சொல்லியே விற்கிற நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குவதில் தப்பே இல்லை. பணத்தை நண்பருக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பாதீர்கள். உங்கள் கதையை விற்கிறவரிடம் சொல்லாதீர்கள்.

இன்று காலை அந்த ஆளின் விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு நீல வாள் போட்டிருக்கிறார். "அசல், தண்ணீரில் சோதித்தது, 135 டாலர்." படத்தில் அதே கண்ணாடித் தம்ளர்.