கட்டி வைப்பதா, ஊசி போடுவதா, சத்திரசிகிச்சையா? பெட்டை நாயின் வேட்கைக் காலம் பற்றி ஓர் ஒப்பீடு

ஆரையம்பதியில் எங்கள் வளவுக்கு மூன்று பக்கமும் மதில். பின்பக்கம் மட்டும் கிடுகு வேலி. எங்கள் பெட்டை நாய் முதன்முதலாக வேட்கைக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வந்தபோது இரத்தம் கசிந்த நாட்களில் கவனமாகக் கட்டி வைத்தோம். பன்னிரண்டாம் நாள் கசிவு வெளிறியதும், எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி அவிழ்த்துவிட்டோம். மறுநாட்காலை வேலியின் அடிக்கிடுகு பிரிந்து கிடந்தது. ஒன்பது கிழமைகளின் பின் ஆறு குட்டிகள் பிறந்தன.

எங்கள் கணக்கு தலைகீழானது. இரத்தம் கசியும் முதற்கட்டம் பெரும்பாலும் ஒன்பது நாள் அளவில் நீடிக்கும். அப்போது கடுவன்கள் கேற்றடியில் காத்துக் கிடந்தாலும் பெட்டை அவற்றைச் சீறி விரட்டிவிடும். கசிவு வைக்கோல் நிறத்துக்கு மாறி, பின்புறத்தைத் தொட்டதும் அது வாலை ஒருபக்கம் ஒதுக்கிக் காட்டும் நாட்களே கருத்தரிக்கும் நாட்கள். இக்கட்டமும் சராசரியாக ஒன்பது நாள் என்பர். ஆனால் நாய்க்கு நாய் பெரிதும் வேறுபடும்.

ஆகவே கட்டி வைக்கும் வழியைத் தெரிவுசெய்பவர், முதற் துளி கண்ட நாளிலிருந்து மூன்று கிழமை முழுவதும், இயன்றால் நான்காம் கிழமையும் காவல் இருக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, நாயின் உடலுக்கும் தீங்கில்லை. ஆனால் மணல் ஒழுங்கைகளில் கட்டாக்காலி நாய்கள் திரியும் நம் ஊர்களில் முற்றத்து மரத்தில் சங்கிலியால் கட்டுவது காவலே ஆகாது. கட்டிய நாய் ஓடவும் முடியாமல் நிற்கும். கதவு பூட்டும் அறை வேண்டும். இடுப்பில் துணி கட்டுவது தரையைச் சுத்தமாக வைக்குமே தவிர இணைசேர்தலைத் தடுக்காது. இவ்வளவும் செய்தாலும் சராசரியாக ஏழு மாதத்துக்கு ஒருமுறை இது திரும்ப வரும். மனிதருக்குப் போல நாய்க்கு மாதவிடாய் நிற்கும் வயது என்று ஒன்று கிடையாது.

கருத்தடை ஊசி பார்வைக்கு மிக இலகுவானது. நான் இதையே மூன்றிலும் கடைசியில் வைப்பேன். அதிலுள்ள ஓமோன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்வதால் அங்கே சீழ் கட்டும் அபாயம் கூடுகிறது. முலைக் கட்டிகளும் நீரிழிவும் வரலாம். ஏற்கெனவே கருவுற்ற நாய்க்குத் தெரியாமல் போட்டுவிட்டால், நாள் நிறைந்தும் ஈன முடியாமல் தாயும் குட்டிகளும் ஆபத்துக்குள்ளாகும். வேட்கை முடிந்து ஒன்று இரண்டு மாதங்களுக்குள் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை வெறுத்து, துர்நாற்றக் கசிவுடன் சோர்ந்திருந்தால், ஊசி போட்டதோ இல்லையோ, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

சூலகங்களையும் கர்ப்பப்பையையும் அகற்றும் சத்திரசிகிச்சை ஒரே முறையில் வேட்கை, குட்டி, கர்ப்பப்பைச் சீழ் ஆகிய மூன்றுக்கும் முடிவு கட்டுகிறது. மயக்க மருந்தின் ஆபத்து சிறிதளவேனும் உண்டு. சில நாய்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் தானாகக் கசியலாம். உடலும் எளிதில் பருக்கும், எனவே சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும். பெரிய இன நாயானால் எலும்பு வளர்ச்சி நிறையும் வரை பொறுப்பது நல்லதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் எடைபோட்ட பின்னும், குட்டி வேண்டாத வீட்டுக்கு இதுவே சிறந்தது என்பது என் முடிவு. கட்டி வைப்பது அதுவரைக்குமான இடைக்கால ஏற்பாடு.

ஆனால் வேட்கையின் நடுவே சத்திரசிகிச்சை செய்விக்க அவசரப்படக் கூடாது. அப்போது இரத்தக் குழாய்கள் பருத்திருப்பதால் இரத்தப் பெருக்கு அதிகமாகும். இரண்டு மூன்று மாதம் கழிந்தபின் செய்விப்பதே பொருத்தம். எங்கள் நாயின் குட்டிகள் பால் மறந்து, அதன் முலைகள் வற்றிய பிறகே நாங்கள் சத்திரசிகிச்சைக்கு நாள் கேட்டோம். அந்த நாள் கார்த்திகை மழையில் விழுந்தது. தையல் வெட்டும் வரை ஈரமண்ணில் படுக்க விடக்கூடாது என்பதால், பத்து நாளும் விறாந்தையில் சாக்கு விரித்து, அது தையலை நக்காதபடி ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டியெடுத்து, அந்த வாளியைக் கழுத்தில் மாட்டி வைத்திருந்தோம்.