ஊத் எண்ணெயும் சந்தனமும்: பதினொரு வருடம் தடவிப் பார்த்ததில்

மைசூர் சந்தன எண்ணெயின் கடைசிச் சொட்டு போன வாரம் தீர்ந்தது. 2016இல் வாங்கிய 5 மில்லி குப்பி. அடியில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடிக் குச்சியால் வழித்து இரண்டு மணிக்கட்டிலும் தடவிக்கொண்டேன். காலிக் குப்பியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மூடியைக் கழற்றி, அலமாரியில் பட்டு வேட்டிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

பதினொரு வருடமாக ஊத் எண்ணெயும் சந்தன எண்ணெயும் தடவி வருகிறேன். முதல் ஏழு வருடம் ஷார்ஜாவில், அப்புறம் திருச்சியில். இதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து 'எது ஒரிஜினல்' என்று கேட்கிறார்கள். இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் எத்தனை மணி நேரம் முகர்ந்து பார்த்து வாங்கினீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் தவறு செய்ததும், கற்றுக்கொண்டதும் அந்த இடத்தில்தான்.

ஊத் என்பது நமக்குப் புதிது இல்லை. நம் அகில்தான் அது. சங்கப் பாட்டிலேயே ஆரமும் அகிலும், அதாவது சந்தனமும் அகிலும், சேர்ந்தே வரும். ஊதுபத்தியில் இருக்கிற 'ஊது'வும் இதுதான், அகர்பத்தியில் இருக்கிற 'அகர்' இதுதான். பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது, மணம் போய்விட்டது. நான் அதைத் திரும்பக் கண்டது துபாய் தேராவில், வாசனைக் கடைத் தெருவில்.

கடைக்காரர் அஸ்ஸாமின் ஹோஜாய் பக்கத்துக்காரர், வயதானவர். அகர் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர் அது. என் இடது புறங்கையில் ஒரே ஒரு கோடு இழுத்தார். கருஞ்சிவப்பு எண்ணெய், தேன் போலக் கெட்டி. முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மழைக்காலத்து மாட்டுத்தொழுவம், ஈரத் தோல், கொஞ்சம் புளிப்பு. "இதையா பாய் இவ்வளவு விலைக்கு விற்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இன்றைக்கு நீ கேட்டாலும் தர மாட்டேன். தூங்கி எழுந்து முகர்ந்து பார். பிடித்தால் நாளைக்கு வா" என்றார்.

பேருந்தில் ஷார்ஜா திரும்பும்போது பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அறைக்கு வந்து சாப்பிட்டு முடிக்கும்போது தொழுவம் விலகி, பழைய தோல் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு மணம். பத்து மணிக்குக் கட்டையின் கசப்பு வந்தது, கூடவே லேசான புகை. நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது கையிலிருந்து காய்ந்த பேரீச்சம்பழமும் மரமும் கலந்த ஓர் இனிப்பு. காலையில் குளித்த பிறகும் அது போகவில்லை. மறுநாள் மாலை போய்க் கால் தோலா வாங்கினேன். ஒரு தோலா 11.66 கிராம். கால் தோலா எனக்கு இரண்டரை வருடம் வந்தது.

இந்தத் தொழுவ வாடை எங்கிருந்து வருகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நல்ல ஆரோக்கியமான அகில் மரத்துக் கட்டை வெளுப்பாக, லேசாக இருக்கும். மணமே கிடையாது. துளைக்கும் புழுவாலோ வேறு காயத்தாலோ பூஞ்சை உள்ளே இறங்கினால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய கறுத்த பகுதிதான் அகில். அஸ்ஸாமில் அந்தக் கட்டையைச் சீவி, இடித்து, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டுப் புளிக்க விடுகிறார்கள். பிறகு நாள்கணக்கில் காய்ச்சி வடிக்கிறார்கள். ஊறலில் வருகிற புளிப்புதான் முதல் அடியில் மூக்கைத் தாக்குகிறது. வளைகுடாவில் இந்த இந்திய ஊத் எண்ணெயை 'ஹிந்தி' என்பார்கள். அரபு வீட்டுப் பெரியவர்கள் பலர் அந்த வாடைக்காகவே தேடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் இப்போது அது இல்லாத ஹிந்தி ஊத் உப்பில்லாத குழம்பு மாதிரிதான்.

இரண்டாவதாக வாங்கியது 'கம்போடி'. பெயர்தான் கம்போடி. இன்று அந்தப் பெயரில் வருவதில் நிறைய, தாய்லாந்தின் த்ராட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறது. மரம் அக்விலாரியா கிராஸ்னா. அஸ்ஸாமில் இருப்பது அக்விலாரியா மலாக்கென்சிஸ். தோட்டத்து மரத்தில் துளை போட்டு, மருந்து செலுத்திப் பிசின் சுரக்க வைக்கிறார்கள். கம்போடி முதல் முகர்விலேயே மயக்கும். பழப்புளியும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பாகு மாதிரி இனிப்பு. ஊத் பழகாதவர்களுக்கு நான் முதலில் தடவிவிடுவது இதைத்தான். ஆனால் என்னிடம் இருந்த கம்போடி நாலு மணி நேரத்துக்குப் பிறகு சும்மா ஓர் இனிப்பாக நின்றுவிட்டது. அதே நேரத்தில் ஹிந்தி அப்போதுதான் பேச ஆரம்பிக்கும். காட்டு மரத்துப் பழைய கம்போடி வேறு தரம் என்று அந்தப் பெரியவர் ஒருமுறை தன் சொந்தக் குப்பியிலிருந்து தடவிக் காட்டினார். இனிப்புக்கு அடியில் ஒரு கசப்பு, கடைசிவரை. அதை வாங்குகிற அளவுக்கு என் சம்பளம் அன்றைக்கு இல்லை.

போர்னியோ ஊத் எண்ணெய் ஒன்றும் 1 கிராம் வைத்திருந்தேன். கற்பூரக் குளிர்ச்சி, சுத்தமான மரம், தொழுவமே கிடையாது. அலுவலகத்துக்குத் தடவிக்கொண்டு போக ஏற்றது அது ஒன்றுதான்.

இலங்கை நண்பர்கள் வல்லப்பட்டை பற்றிச் சொல்வார்கள். அது அகிலுக்கு உறவான வேறு மரம், கைரினாப்ஸ் வல்லா. ரப்பர் தோட்ட ஓரங்களில் யாரும் கண்டுகொள்ளாமல் நின்ற மரம், விலை தெரிந்ததும் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கக்காரர்கள் அடிக்கடி பிடிக்கிற பொருளாகிவிட்டது. அகிலும் வல்லப்பட்டையும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஊத் வாங்கினால் ரசீதை எறியாதீர்கள், ஊருக்குக் கொண்டுவரும் முன் விதியைப் பார்த்துவிடுங்கள்.

சரி, சந்தனம். எனக்கு அதிக நேரம் எடுத்தது இதுதான்.

எங்கள் வீட்டில் சந்தனக் கல் உண்டு. பாட்டி தினமும் காலையில் தண்ணீர் தெளித்து நாலு சுற்று இழைப்பாள். கல்லில் கட்டை உரசும் சத்தமும் அந்த ஈர மணமும் சேர்ந்துதான் எனக்குச் சந்தனம். அதனால் விடுமுறையில் வந்து மைசூர் எண்ணெய் வாங்கி முதல் தடவை தடவியபோது ஏமாற்றமாக இருந்தது. ஒன்றுமே வரவில்லை. கொஞ்சம் பால் வாசனை, அவ்வளவுதான். ஊத் பழகிய மூக்கு, அறைகிற மணத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. குப்பியை மூடி வைத்தவன் ஏழெட்டு மாதம் தொடவில்லை.

ஒரு நாள் ஜுரம் விட்டு எழுந்திருந்தேன். வேறு எந்த வாசனையும் பிடிக்காத நேரம். மணிக்கட்டில் ஒரு தொடு தொட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கம் புரட்டும்போதெல்லாம் பால் ஏடு மாதிரி ஒரு மணம் வந்து போனது. குனிந்து முகர்ந்தால் காணோம். கையை இறக்கிப் பக்கத்தைப் புரட்டினால் மறுபடியும் வருகிறது. அன்றைக்குத்தான் புரிந்தது, சந்தனத்தைத் தேடிப்போய் முகரக் கூடாது, தடவிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

காரணமும் இருக்கிறது. நல்ல சந்தன எண்ணெயில் பெரும்பகுதி சாந்தலால் என்ற மணப்பொருள். சர்வதேசத் தர அளவுப்படி ஆல்ஃபா சாந்தலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாந்தலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். இவை கனமானவை, மெதுவாக எழும்புகிறவை. மூக்கைக் கையில் ஒட்டிவைத்து இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப் போகும். எழும்பாத குணம்தான் சந்தனத்தை நாள்முழுக்கத் தோலில் நிறுத்துகிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்புப் பானையில் பூவை வேகவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்ததும் இதனால்தான். மல்லிகையும் தாழம்பூவும் தனியாகப் பறந்துவிடும், சந்தனம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது பல அத்தர்களில் சந்தனத்தின் இடத்தில் பாரஃபின் எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மைசூர் ஆலை 1916இல் தொடங்கியது. முதல் உலகப் போரால் கட்டை ஐரோப்பாவுக்குப் போக முடியாமல் தேங்கியபோது, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் நாமே எண்ணெய் எடுப்போம் என்று ஆரம்பித்தது. என் குப்பி முற்றிய மரத்து எண்ணெய். பால் ஏடு, வறுத்த முந்திரி, கடைசியில் நெய் உருக்கிய பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மணம். ஆஸ்திரேலியாவின் குனுனுர்ரா தோட்டத்திலிருந்து வருகிற எண்ணெயும் வாங்கிப் பார்த்தேன். நம் சந்தன மரமேதான், சான்டலம் ஆல்பம். சுத்தமாக, ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பாலில் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்த மாதிரி. மரம் இளசு என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கே மரம் சொந்தம் என்றாக்கின. அப்படி நட்டவர்கள் 15 வருடத்தில் வெட்ட அவசரப்படாமல் 30 வருடம் விட்டால் பழைய மணம் திரும்பும் என்று நம்புகிறேன். ஆஸ்திரேலியாவின் சொந்த மரமான சான்டலம் ஸ்பிகேட்டம் தனி இனம். வறண்ட, மண் கலந்த, கொஞ்சம் கூரான மணம். மோசம் இல்லை, ஆனால் மைசூர் என்று நினைத்து அதை வாங்காதீர்கள்.

ஏமாந்த கதையும் உண்டு. ஒரு சுற்றுலா ஊரில் 'சுத்த மைசூர் சந்தனம்' என்று 10 மில்லி, நம்ப முடியாத மலிவில் வாங்கினேன். திறந்ததும் கும்மென்று தூக்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அசல் சந்தனம் அப்படிக் கூவாது. இரண்டு மணி நேரத்தில் பால் போய், சோப்புக் காகித வாடை வந்தது. ராத்திரி வரை கூராக அதே ஒரே சுரம், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. செயற்கைச் சந்தன வாசனையைச் சேர்த்துத் தைலத்தை நீட்டியிருக்கிறார்கள். இப்போது சந்தனம் வாங்குவதற்கு முன் ஆய்வகப் பரிசோதனைத் தாளைக் கேட்கிறேன். இல்லை என்றால் 1 மில்லி மாதிரி வாங்கி ஒரு முழு நாள் பார்க்கிறேன்.

வைத்துக்கொள்ளும் விதத்தில் ஒரு தவறு செய்தேன். கம்போடிக் குப்பியை ஜூலை மாதத்து ஷார்ஜா வெயிலில் காருக்குள் இரண்டு வாரம் மறந்துவிட்டேன். பாதிக் குப்பிதான் எண்ணெய், மீதி காற்று. எடுத்துப் பார்த்தபோது வெல்லம் இல்லை, கரிந்த வாடை மட்டும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இருட்டில், குறைந்தால் சின்னக் குப்பிக்கு மாற்றி வைக்கிறேன். ஒழுங்காக வைத்தவை அழகாக மாறியிருக்கின்றன. 2017இல் வாங்கிய அரைத் தோலா ஹிந்தியில் தொழுவம் இன்று கால்வாசிதான் இருக்கிறது, தோலும் இனிப்பும் முன்னால் வந்துவிட்டன. மைசூர் எண்ணெயும் கடைசி இரண்டு வருடம் இன்னும் கெட்டியாக, இன்னும் நெய்யாக இருந்தது.

இன்னொன்று, ஹிந்தி ஊத் வெள்ளைத் துணியில் பட்டால் போகாது. தம்பி கல்யாணத்தன்று காலையில் காதுமடலில் தடவிய விரலை அப்படியே வேட்டி மடிப்பில் வைத்துவிட்டேன். பழுப்புக் கோடு விழுந்தது. சலவைக்குப் போட்டும் இன்றுவரை இருக்கிறது. தடவியதும் விரலைத் துடைத்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிலருக்கு அரிக்கும்.

திருச்சிச் சித்திரை வெயிலில் ஊத் எனக்கு ஒத்துவரவில்லை. வியர்வையோடு சேர்ந்து கனத்துவிடுகிறது. வெயில் காலம் முழுக்கச் சந்தனம் மட்டும்தான். ஐப்பசி மழை பிடித்ததும் ஹிந்தியை எடுப்பேன். மார்கழி விடிகாலையில் முதலில் சந்தனம் தடவி, அது தோலில் இறங்கியதும் அதன் மேல் ஹிந்தி அரைக் கோடு இழுத்தால், ஊதின் முதல் அடி மென்மையாகிவிடும். மதியத்துக்கு மேல் எது சந்தனம், எது அகில் என்று பிரிக்க முடியாது. இந்தப் பதினொரு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த மணம் அந்த மதியத்து மணம்தான்.

மைசூர் தீர்ந்துவிட்டதால் அடுத்ததற்கு மறையூர் மரத்து எண்ணெய் 3 மில்லி வாங்கியிருக்கிறேன். உடுமலையிலிருந்து மூணாறு போகிற வழியில் இருக்கிற அதே மறையூர். ரசீதும் பரிசோதனைத் தாளும் கூட வந்தன. நேற்று இரவு முதல் தடவையாக இடது மணிக்கட்டில் தொட்டேன். மைசூரைவிடக் கொஞ்சம் வறட்சி, பால் குறைவு, கட்டை அதிகம். பாட்டியின் கல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. இன்னும் ஒரு மாதம் தினமும் தடவிப் பார்க்க வேண்டும்.