குகைக்குள் போக ஒரு தலை டார்ச்

டார்ச் வாங்குபவர்கள் வெளிச்சம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். குகை உயிர்களைப் பார்க்கப் போகும் நான் தேடுவது சிவப்பு விளக்கு. இதில் அதற்குத் தனி பட்டன் இருக்கிறது. வெள்ளை ஒளியைப் போட்டு அணைக்க வேண்டியதில்லை. பல பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் குகைச் சிள்வண்டுகள் வௌவால் எச்சத்தின்மேல் மேய்வதை நிதானமாகப் பார்க்க முடிந்தது. வெயிலே எட்டாத அந்த ஆழத்தில் எச்சம்தான் எத்தனையோ சிற்றுயிர்களுக்குச் சோறு. வௌவால் போனால் அந்தக் கூட்டமும் போய்விடும்.

பட்டையைக் கழற்றிக் கழுவ முடிவது எனக்குப் பெரிய விஷயம். வட அமெரிக்காவில் 2006 முதல் வெள்ளை மூக்கு நோய் என்ற பூஞ்சை நோய் பல லட்சம் வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அந்தப் பூஞ்சையின் வித்துகள் நம் துணியிலும் கருவிகளிலும் ஒட்டி இன்னொரு குகைக்குப் போகக்கூடியவை. அவற்றைக் கொல்ல 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் குறைந்தது 5 நிமிடம் மூழ்கவைக்க வேண்டும். பட்டை அதைத் தாங்குகிறது.

வௌவால்கள் குளிரில் நீண்ட உறக்கத்தில் கிடக்கும் காலத்தில் மட்டும் எந்த விளக்கோடும் உள்ளே போகாதீர்கள். விழித்துக்கொள்ளும் வௌவாலின் சேமித்த கொழுப்பு வீணாகக் கரையும்.

சரி, குறை ஒன்று உண்டு. பேட்டரி மூடியின் ரப்பர் விளிம்பில் சேறு தங்குகிறது, வெந்நீரிலும் அதைப் போட முடியாது. அதனால் இந்த டார்ச்சை ஒரே குகைக்கென்று ஒதுக்கிவிட்டேன்.